பதினான்காம் வரி

என் எழுத்து நன்றாக இருக்கும். இதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான். சொல்லியிருக்க வேண்டியவர்கள் ஒருவரும் சொல்லவில்லை. அதனால் எழுபத்தொன்பது வயதில் நானே சொல்லிக்கொள்கிறேன்.

காரைக்குடியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் இருபத்தெட்டு வருடம் டிராயிங் மாஸ்டராக இருந்தேன். பள்ளியின் பெயர்ப் பலகை, பரிசுச் சான்றிதழ்கள், ஆண்டு விழா பேனர் எல்லாம் என் கை. அந்தக் காலத்தில் ‘லை’ என்ற எழுத்துக்கு யானைத் துதிக்கை மாதிரி ஒரு சுழி உண்டு. மற்றவர்கள் அதை இரண்டு இழுப்பில் போடுவார்கள். நான் ஒரே இழுப்பில் போடுவேன். யாராவது கவனிக்கிறார்களா என்று பார்ப்பேன். யாரும் கவனிக்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு அடி நடந்தால் தையல்காரம்மா வீடு. ஊரில் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். என்னைவிடப் பத்து வயது சின்னவர். இரண்டாம் வகுப்போடு நின்றவர். எண்கள் தெரியும், எழுத்துகளில் கொஞ்சம்தான் தெரியும். கட்டம் கட்டமாக நெய்த மேட்டித் துணியில் கிராஸ் தையல் போடுவதில் அந்த வட்டாரத்தில் அவருக்கு நிகர் கிடையாது. ஒவ்வொரு தையலும் ஒரு சின்னப் பெருக்கல் குறி. அப்படி ஆயிரக்கணக்கில் போட்டால் ஒரு மயில் வரும், ஒரு ரோஜா வரும்.

செட்டிநாட்டுக் கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களை எல்லாரும் பார்க்கப் பரப்பி வைப்பார்கள். ஒவ்வொன்றிலும் பெண் வீட்டு விலாசம் இருக்க வேண்டும். விலாசம் என்றால் அந்தக் குடும்பத்தின் முதலெழுத்துகள். வெள்ளியானால் வெட்டுவார்கள், துணியானால் தைப்பார்கள். பின்னால் யாருடையது என்று பேச்சு வந்தால் எழுத்து சொல்லிவிடும். தலையணை உறைக்கும் சுவரில் மாட்டும் ‘நல்வரவு’ படத்துக்கும் எழுத்தை நான் கிராஃப் தாளில் போட்டுக் கொடுப்பேன், ஓர் எழுத்துக்கு எட்டுக் கட்டம் உயரம். தையல்காரம்மா கட்டத்துக்குக் கட்டம் எண்ணித் தைப்பார். 1962இலிருந்து 1976வரை நூற்று நாற்பத்து மூன்று உருப்படி செய்தோம். நான் குறித்து வைத்திருக்கிறேன்.

அந்த நூற்று நாற்பத்து மூன்றில் ஒன்றுக்குக்கூட என்னை யாரும் பாராட்டியதில்லை. ஒரு கல்யாண வீட்டில் மணப்பெண்ணின் அம்மா, அந்த ஆச்சி, ‘நல்வரவு’ படத்தின் முன்னால் நின்று கன்னத்தில் கைவைத்துக்கொண்டார்.

“இந்த ரோசாப்பூவைப் பாத்தியா, பறிச்சு வச்ச மாதிரியில்ல இருக்கு.”

நான் சற்று முன்னால் நகர்ந்து நின்றேன். “எழுத்து நான் போட்டது ஆச்சி” என்றேன்.

“அப்படியா. எழுத்துக்கென்ன, எல்லாருக்கும் தெரிஞ்ச எழுத்துதானே. பூவுல்ல கஷ்டம்.”

தையல்காரம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிரித்ததாகத்தான் எனக்குப் பட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனைவியும் சிரித்தாள். “ஒருத்தி நல்லாத் தைச்சா ஒங்களுக்கு ஏன் இப்படி வயிறு எரியுது? நீங்களும் ஊசியை எடுத்துக்கிட்டு ஒக்காருங்க” என்றாள்.

பூவைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது அவர் எண்ணும் விதம். எண்ணுவது என் தொழில் இல்லை என்றாலும் என் குணம். படிகளை எண்ணுவேன், கூரை ஓடுகளை எண்ணுவேன். எழுதும்போது ஒவ்வொரு வரியிலும் எத்தனை எழுத்து என்று எண்ணி வலது ஓரத்தில் சின்னதாகக் குறித்துக்கொள்வேன். இடைவெளி ஒழுங்காக வர அது உதவும். ஆனால் எண்ணும்போது என் உதடு அசையும், யாராவது பேசினால் விட்டுப்போகும். தையல்காரம்மா பக்கத்து வீட்டுக்காரியோடு அரிசி விலை பேசிக்கொண்டே இருநூறு நூல் எண்ணுவார். ஒரு தடவைகூடப் பிரித்துத் தைத்து நான் பார்த்ததில்லை. பிரிப்பாரா என்று எத்தனையோ நாள் காத்திருக்கிறேன்.

அவர் கணவர் நாச்சியாபுரம் பக்கம் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டுக்குக் காவல். வீட்டுக்காரர்கள் மதராஸில் இருந்தார்கள். எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்த 1976இல் அவர்கள் வந்து வெள்ளிப் பெட்டிகளை எண்ணிப் பார்த்தார்கள். ஒன்று குறைந்தது. புகார் போயிற்று. காவல்காரரை விசாரிக்க வேண்டும் என்று போலீஸ்காரர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். எந்த ஸ்டேஷன் என்று நான் எழுதப் போவதில்லை. நான்கு நாள் வைத்திருந்தார்கள். கோர்ட்டுக்குக் கொண்டுபோகவில்லை. தையல்காரம்மா நான்கு நாளும் சோறு கொண்டுபோனார். மூன்று நாள் வாங்கிக்கொண்டார்கள். நாலாம் நாள், உள்ளே மயங்கி விழுந்து இறந்துவிட்டார் என்று சொல்லி உடம்பைக் கொடுத்தார்கள். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார்கள். ஒரு ஜீப் தெரு முனையில் நின்றது.

காணாமல் போன பெட்டி இரண்டு மாதம் கழித்து அதே வீட்டில் பத்தாயத்துக்குப் பின்னால் இருந்தது. எண்ணியவர்கள் ஒன்றை விட்டுவிட்டார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் தையல்காரம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் போய்ப் பலகையில் உட்கார்ந்தேன். அவர் அழவில்லை.

“சார், கலெக்டருக்கு ஒரு மனு எழுதணும். நீங்க எழுதினா படிப்பாக.”

பதினான்கு வருடத்தில் என் எழுத்தைப் பற்றி அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. உடனே சம்மதித்துவிட்டேன். பையில் கிராஃப் தாள்தான் இருந்தது. பழக்கத்தில் அதிலேயே முதல் நகல் எழுத ஆரம்பித்தேன். ‘மாண்புமிகு கலெக்டர் ஐயா அவர்களுக்கு’ என்பது முதல் வரி. பத்தொன்பது எழுத்து. ஓரத்தில் 19 என்று குறித்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மொத்தம் இருபத்தாறு வரி.

பதினான்காம் வரி வந்தபோது அவர், “பதினேழுன்னு போடுங்க சார்” என்றார்.

“எது பதினேழு?”

“காயம். குளிப்பாட்டறப்ப எண்ணினேன். முதுகுல பதினொண்ணு, தொடையில ஆறு. வாய்க்கரிசிக்கு முன்னாடி இன்னொரு தடவ எண்ணிப் பாத்தேன்.”

நான் பேனாவை நிறுத்தினேன். எண்ணிக்கை என்பது சாட்சியம். சாட்சியம் சொன்னால் கேள்வி வரும். “அதெல்லாம் டாக்டர் சொல்ல வேண்டியதும்மா. நாம பொதுவா எழுதுவோம்” என்றேன். ‘என் கணவரின் உடம்பில் காயங்கள் இருந்தன’ என்று எழுதி, ஓரத்தில் 22 என்று குறித்தேன். எல்லாவற்றையும் எண்ணுகிறவன், எண்ண வேண்டிய ஒன்றை விட்டேன். அந்த வரிக்கும் ஓரத்து எண்ணுக்கும் நடுவில் கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து ஃபுல்ஸ்கேப் தாளில் நல்ல பிரதி எழுதினேன். அதைப்போல் எதையும் நான் எழுதியதில்லை. நகலை மறுநாள் அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். எங்கள் மாவட்டக் கலெக்டர் அலுவலகம் அப்போது மதுரையில் இருந்தது. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் போவதாக ஏற்பாடு.

சனிக்கிழமை தலைமையாசிரியர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

“மாஸ்டர், ஊருக்கே தெரிஞ்ச எழுத்து உங்க எழுத்து. நம்ம போர்டுல இருக்கு, பசங்க சர்டிபிகேட்ல இருக்கு. ஒரு மனுவுல அது இருந்தா யாரு எழுதினதுன்னு கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்?”

“ஆகாது சார்.”

“அவ்வளவுதான். காலம் சரியில்ல. போயிட்டு வாங்க.”

அறையிலிருந்து வெளியே வரும்போது பயம் இருந்தது. ஊருக்கே தெரிந்த எழுத்து என்று சொன்னாரே என்ற சந்தோஷமும் இருந்தது. இரண்டையும் சேர்த்துக்கொண்டுதான் வீட்டுக்கு நடந்தேன்.

திங்கட்கிழமை காலை எனக்குக் காய்ச்சல் என்று என் மனைவி வாசலில் நின்று சொன்னாள். காய்ச்சல் இல்லை. உள்ளே கட்டிலில் போர்வைக்குள் கிடந்து கேட்டேன். தையல்காரம்மா, “அப்படியா, பாத்துக்கங்க” என்று மட்டும் சொன்னார். அவர் போன பிறகு எழுந்து நல்ல பிரதியை வெந்நீர் அடுப்பில் போட்டேன். என் மனைவி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

அவர் தனியாக மதுரைக்குப் போய், கிராஃப் தாளோடு மூன்று மணி நேரம் நின்றிருக்கிறார். கட்டம் போட்ட தாளில் மனு வாங்க மாட்டோம் என்று ஒரு குமாஸ்தா திருப்பி அனுப்பிவிட்டார். இது எனக்குப் பின்னால்தான் தெரியும். அதன் பிறகு அவர் என்னிடம் எழுத்து கேட்டு வரவில்லை. வேலை எதையும் ஒப்புக்கொள்ளவும் இல்லை. கதவைப் பாதி சாத்திக்கொண்டு ஏதோ தைக்கிறார் என்று தெருவில் பேசினார்கள். யாரை எழுத்து போட வைத்திருக்கிறார் என்று தெரியாமல் நான் தவித்தேன். தேவகோட்டையில் ஒரு பெயிண்டர் இருந்தான். அவனாக இருக்கும் என்று நானே முடிவுசெய்து, பார்க்காத அவன் எழுத்தை நான்கு மாதம் வெறுத்தேன்.

மறு வருடம் ஆட்சி மாறியது. பழைய சாவுகளை விசாரிக்கத் தேவகோட்டையில் பயணியர் மாளிகைக் கூடத்தில் ஓர் அதிகாரி உட்கார்ந்தார். தையல்காரம்மாவின் முறை வருகிற நாளில் நான் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். என் பெயரைச் சொல்லிவிடுவாரோ என்ற பயம்தான் காரணம். கூடத்தில் நாற்பத்தொரு பேர் இருந்தார்கள். கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

“மனு கொடுத்தீங்களா அம்மா?” என்று அதிகாரி கேட்டார்.

“வாங்கலீக ஐயா. அதான் கொண்டாந்திருக்கேன்.”

பைக்குள்ளிருந்து ஒரு துணியை எடுத்து உதறி விரித்தார். ஒன்றேகால் கெஜம் மேட்டித் துணி. இரண்டு பியூன்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். நான் எழுந்து நின்றுவிட்டேன். என் மனு. இருபத்தாறு வரியும் கருப்பு நூலில், எழுத்துக்கு எட்டுக் கட்டம். என் வளைவு, என் இடைவெளி. ‘லை’யின் துதிக்கைகூட என் கை போன போக்கிலேயே போயிருந்தது. நான் அடுப்பில் போட்டது அங்கே விரிந்து கிடந்தது.

கூடத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கிட்டே வந்தார்.

“நீங்க எத்தனாவது படிச்சிருக்கீங்க?”

“ரெண்டாப்பு.”

“அச்சு மாதிரி இருக்கே. இந்த ‘லை’யைப் பாருங்கய்யா” என்று பக்கத்திலிருந்தவரிடம் காட்டினார்.

எனக்கு முன்னால் இருந்த ஒருவர் திரும்பி என்னிடமே சொன்னார்: “படிக்காத பொம்பள, எழுத்தைப் பாத்தீகளா. நம்ம வாத்தியாருக எவனுக்காச்சும் இப்படி வருமா?”

அவர் மகனுக்கு நான் மூன்று சான்றிதழ் எழுதியிருக்கிறேன். ஊருக்கே தெரிந்த எழுத்து என்றாரே தலைமையாசிரியர். நாற்பத்தொரு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

போலீஸ் தரப்பு வக்கீல் எழுந்தார். “ஐயா, இது ஆட்சி மாறின பிறகு யாரோ கட்சிக்காரங்க எழுதிக் கொடுத்துத் தைக்க வச்சது. அந்த அம்மாவுக்கு அதை வாசிக்கக்கூடத் தெரியாது. வலது ஓரத்தில பாருங்க, சின்னச் சின்னதா எண்கள். 19, 24, 21, 22ன்னு இருபத்தாறு எண்கள். இதெல்லாம் என்ன? அடியா? கூட்டிப் பார்த்தா ஐந்நூறுக்கு மேல வருது. ஒரு மனுஷன் உடம்பில ஐந்நூறு அடியா? என்னம்மா இது, சொல்லுங்க.”

தையல்காரம்மா ஓரத்தைப் பார்த்தார். என்னைத் தவிர வேறு யாருக்கும் அது என்னவென்று தெரிய நியாயமில்லை. தாளில் இருந்ததை எல்லாம் மனுவென்று நினைத்து, என் எழுத்துக் கணக்கையும் விடாமல் தைத்து வைத்திருந்தார்.

“தெரியலீக. தாள்ல இருந்துச்சு.”

“யார் தாள்? யார் எழுதினது?”

“ஒரு சார்.”

“எந்த சார்? பேரு?”

அவர் கூடத்தைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. நான் வந்திருப்பது அவருக்குத் தெரியும். உள்ளே வரும்போது பார்த்திருந்தார்.

“ஞாபகம் இல்லீக” என்றார்.

வக்கீல் உட்காரப் போனார். அதிகாரி பேனாவை எடுத்து எதையோ அடிக்கத் தொடங்கினார். அந்த எண்களுக்குக் காரணம் தெரியாவிட்டால் அது வெறும் துணிதான் என்று எனக்குப் புரிந்தது. அவர் கணவர் மயங்கி விழுந்தே இறந்தவராகிவிடுவார். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் எனக்கு ஒன்றும் வராது. பேரைச் சொல்லிவிடுவாரோ என்று பயந்து வந்தவன் நான். இப்போது சொல்லவில்லையே என்றுதான் எனக்கு எரிந்தது.

பின்னால் சிலர் என்னைத் தைரியசாலி என்றார்கள். என் கைமேல் ஆணையாகச் சொல்கிறேன், என்னை எழுப்பியது தைரியம் இல்லை. அந்த ‘லை’ என்னுடையது. அதை இன்னொருவருடையதென்று ஒரு கூடமே நம்புவதை என்னால் தாங்க முடியவில்லை.

“அந்த எழுத்து நான் போட்டது” என்றேன். சத்தம் எனக்கே அதிகமாகக் கேட்டது.

முன்னால் கூப்பிட்டார்கள். நான் யார், எப்போது எழுதினேன், ஏன் கூடப் போகவில்லை என்று கேட்டார்கள். காய்ச்சல் பொய் என்பதையும், அடுப்பில் போட்டதையும் சொன்னேன். ஓரத்து எண்கள் ஒவ்வொரு வரியின் எழுத்துக் கணக்கு என்றும், அது என் வழக்கம் என்றும் சொன்னேன். வக்கீல் சிரித்தார்.

“எழுத்தை எண்ணுவாராம்” என்றார்.

“எண்ணிக் காட்டுங்க” என்றார் அதிகாரி.

எண்ணினேன். ஒரு குமாஸ்தா பென்சிலோடு கூடவே எண்ணினார். முதல் வரி பத்தொன்பது. சரி. இரண்டாம் வரி இருபத்து நான்கு. சரி. என் உதடு அசைவதைப் பார்த்து யாரோ சிரித்தார்கள். ஆறாம் வரிக்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஒன்பதாவது, பத்தாவது, பதினோராவது என்று எல்லா வரியும் சரியாக வந்தது. இவ்வளவு பேர் முன்னால் என் எழுத்தை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்க்கும் நாள் ஒன்று வந்ததே என்று, அந்த இடத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

பதினான்காம் வரி. ‘என் கணவரின் உடம்பில் காயங்கள் இருந்தன.’ இருபத்திரண்டு. எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவில், நான் வெறுமையாக விட்ட இடத்தில், சிவப்பு நூலில் சின்னச் சின்னப் பெருக்கல் குறிகள் நின்றன. துணி முழுவதிலும் சிவப்பு அங்கே மட்டும்தான்.

“இது என்ன? இதையும் நீங்க போட்டீங்களா?”

ஆமாம் என்று சொல்ல ஒரு கணம் நாக்கு வந்தது. உண்மையாகவே வந்தது.

“இல்லை. நான் போடவில்லை. அந்த அம்மா எண்ணிச் சொன்னாங்க. நான் எழுத மாட்டேன்னுட்டேன்.”

அதிகாரி தையல்காரம்மாவைப் பார்த்தார். அவர் எழுந்து துணியருகே வந்து, ஒவ்வொரு குறியாகத் தொட்டார். “இது தோளுக்குக் கீழே. இது அதுக்கும் கீழே, குறுக்க. இது இடுப்புக்கு மேல...” பதினேழையும் இடம் சொன்னார். குரல் ஒரே மட்டத்தில் இருந்தது. அதிகாரி ஒவ்வொன்றையும் தன் கையாலேயே எழுதிக்கொண்டார். என் இருபத்தாறு வரிக்கு ஒரு குமாஸ்தாவின் பென்சில்தான் கிடைத்தது.

துணியைச் சாட்சியமாக எடுத்துக்கொண்டார்கள். பிறகு வழக்கு நடந்தது. இரண்டு போலீஸ்காரர்களில் ஒருவருக்குத் தண்டனை கிடைத்தது, மற்றவர் தப்பினார். பயந்து பயந்து நான் காத்திருந்த ஆபத்து, விளக்கம் கேட்டுப் பள்ளியிலிருந்து வந்த ஒரு மெமோ. பதினொரு வரி. மோசமான எழுத்து.

1979இல் கோர்ட்டிலிருந்து துணி திரும்பி வந்தது, ஒரு மூலையில் ஊதா மை முத்திரையோடு. தையல்காரம்மா அதை வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். தைக்கக் கொடுக்க வருகிற பெண்கள் முதலில் அதன் முன்னால் போய் நின்றார்கள். எல்லாரும் அந்தச் சிவப்பைத்தான் தொட்டார்கள். ஒருநாள் நான் போனபோது யாரும் இல்லை. இரண்டு வருடமாக மனதுக்குள் வைத்திருந்ததைக் கேட்டேன்.

“கீழே ஓரமா, எழுத்து இன்னாருதுன்னு ஒரு வரி தைச்சா என்னம்மா?”

அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“தைச்சுட்டாப் போச்சு சார். அன்னைக்கு பஸ்ஸுக்கு வந்திருந்தீகன்னா அப்பவே தைச்சிருப்பேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. நூலின் நுனியை நாக்கில் நனைத்து மறுபடி கோத்தார். “இப்பவும் சொல்லுங்க, போடுறேன். எத்தனை எழுத்துன்னு மட்டும் எண்ணிச் சொல்லிடுங்க.”

“வேண்டாம்” என்றேன்.

“காப்பி குடிக்கிறீகளா?”

அவர் உள்ளே போனார். நான் துணிக்குக் கிட்டே போய், பதினான்காம் வரியில் விரலை வைத்து எண்ணினேன். ஒன்று கூடவோ குறையவோ இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பதினேழுதான் இருந்தது. இன்னொரு தடவை எண்ணினேன்.